தாலி கட்டாத இளவரசன்

“இவர்கள் யார்?”

அந்தப் பெரியவர் இதைக் கேட்டது எங்களிடம் இல்லை, பக்கத்தில் நின்ற தன் வழக்கறிஞரிடம். நாங்கள் மூன்று பேர் எதிரே இருந்த நீளக் கதிரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். றெஜினா நடுவில், அவளுடைய அம்மா பிலோமினாக்கா ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

வழக்கறிஞர் எங்களை ஒரு தடவை பார்த்தார். “மாதா கோயில் ஆட்கள். அந்தப் பெண் இறந்தவருடைய சிநேகிதி என்று பொலிஸ் சொன்னது” என்றார்.

லண்டன் சட்டனில், இறந்தவர்களை அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஒரு மலர்ச்சாலையின் முன்னறை அது. வெளிர்நீலச் சுவர், மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. மரத்துக்குப் பூசும் பொலிஷ் வாசமும் லில்லிப் பூ வாசமும் கலந்து தொண்டையில் வந்து நின்றன. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளறையில், மத்தியாஸ் பெட்டிக்குள் கிடந்தான்.

மத்தியாஸ் ஒரு இளவரசன். செல்லத்துக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒரு நாட்டு அரச குடும்பத்தின் மூத்த வாரிசு. கேள்வி கேட்டவர் அவனுடைய சித்தப்பா. அவருக்குப் பின்னால் ஜன்னலோரம், கறுப்புக் கையுறையைக் கழற்றாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவனைப் பெற்ற தாய்.

சித்தப்பாவின் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது. நடுவில் இருந்தவள் அவனுடைய மனைவி. சட்டப்படி பதிவு செய்த மனைவி. அந்தப் பதிவை வீடியோ எடுத்தவனே நான்.

ஆனால் றெஜினா வாய் திறக்கவில்லை. பிலோமினாக்கா அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடியை விடாமலே என் பக்கம் குனிந்து, பல்லுக்குள்ளால் சொன்னார்.

“தம்பி, நீ ஒண்டும் சொல்லிப்போடாதை. தாலி ஏறேல்லை. என்ர பிள்ளை இன்னும் குமர்தான்.”

எனக்கு வந்த கோபத்தை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் செத்துக் கிடக்கிறான், இந்தப் பக்கம் இவர் மகளுக்கு இன்னொரு மாப்பிள்ளைக்கு வழி விட்டு வைக்கிறார் என்று நினைத்தேன். அது முழு நியாயமான நினைப்பு இல்லை. ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

என்ன வேலை?

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு: நான் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் வீடியோ அன்ரன். ஞானஸ்நானம், சாமத்தியம், கலியாணம், செத்தவீடு என்று எதற்கும் கமராவோடு போய் நிற்கிறவன். போன வாரம், குட்மேய்ஸ் மண்டபத்தில் பெண்பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் சிக்கவைத்த கதையை எழுதினேன். பலர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை.

எழுதலாமா என்று றெஜினாவிடம் கேட்டேன். “உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ அங்கிள். அவற்ற நாட்டின்ர பேரை மட்டும் விடுங்கோ” என்றாள். விட்டுவிட்டேன்.

பிலோமினாக்கா மன்னார்ப் பக்கம், நானும் அந்தப் பக்கந்தான். கணவர் காலமான பிறகு துப்புரவு ஷிப்ட், சுப்பர்மார்க்கெட் ஷிப்ட் என்று மாறி மாறி ஓடி, ஒரே மகளைப் படிப்பித்து மருந்தாளர் ஆக்கியவர். ஆங்கிலம் விளங்கும், வேகமாகக் கதைத்தால் விளங்காது. அதனால் முக்கியமான இடம் எதற்கும் என்னைக் கூப்பிடுவார். ஃபாரஸ்ட் கேட் லண்டனின் ஒரு மூலை, அவர் இருக்கும் சட்டன் மறு மூலை. “ஒருக்கா வந்திட்டுப் போ தம்பி” என்பார், ஏதோ அடுத்த தெருவுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு அப்படித்தான் கூப்பிட்டார். போனால், சோபாவின் நுனியில் ஒரு வெள்ளைக்காரன். முப்பதைத் தாண்டிய வயது, நெடிய மெலிந்த உடம்பு, முழங்கையில் நூல் தெரிகிற கோட். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தான்.

“அம்மா, இவர் ஒரு பிரின்ஸ்” என்றாள் றெஜினா.

“அது சரி. என்ன வேலை?”

“பூங்கண்டு விக்கிற நேசரியிலை வேலை செய்யிறார்.”

“பிரின்ஸ் எண்டா அரண்மனை ஒண்டும் இல்லையோ?”

இருந்தது. ஆனால் அவனுடைய பூட்டன் காலத்திலேயே அந்த நாடு அரசரைத் துரத்திவிட்டுக் குடியரசாகிவிட்டது. அரண்மனை இப்போது நூதனசாலை. யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம், அவனைத் தவிர. அந்தக் குடும்பத்தின் மூத்த வாரிசு உயிரோடு எல்லை தாண்டக் கூடாது என்று அங்கே இன்னும் சட்டம் இருக்கிறது.

பிலோமினாக்கா இதை யோசித்தார். “அப்ப உவரும் அகதியோ?”

நான் மொழிபெயர்த்தேன். அவன் முதல் தடவையாகச் சிரித்தான். “ஓம்” என்றான். றெஜினா சொல்லிக்கொடுத்திருந்த இரண்டு சொற்களில் அது ஒன்று. மற்றது, போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘காணும்’. அன்றைக்கு ரோல்ஸ் தட்டு வரும்போதெல்லாம் ‘காணும், காணும்’ என்று சொன்னான். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை யார் மதித்தார்கள்.

கடைசியாக, “வேதக்காரரோ?” என்று கேட்டார் பிலோமினாக்கா. கத்தோலிக்கன் என்றதும் முகம் தெளிந்துவிட்டது. அந்த ஒரு பதிலிலேயே பாதிக் கலியாணம் முடிந்துவிட்டது.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. “கார் ஓடத் தெரியாத மாப்பிள்ளை. இந்த ஊரிலை கார் ஓடாம என்னண்டு குடும்பம் நடத்திறது?” அவனுக்குக் கார் ஓட விருப்பமில்லை என்று றெஜினா சொன்னாள். நாங்கள் நம்பினோம்.

குதிரை என்று எழுதிய கல்

அவனுடைய சீவியத்தை அவன் எனக்குச் சொன்னது என் வான் வண்டியில் வைத்து. கலியாண உடுப்புக்கு அளவு கொடுக்க ஈஸ்ட்ஹாம் கூட்டிக்கொண்டு போனேன். தேம்ஸ் சுரங்கப் பாதைக்கு முன்னால் வாகனங்கள் அசையவே இல்லை. வானுக்குள் என் கமராப் பைகளின் ரப்பர் மணம், வெளியே மழை. அப்படியான இடத்தில் மனிதர்கள் தாங்களாகவே கதைக்கத் தொடங்குவார்கள்.

ஆறு வயதில் விடுதிப் பள்ளிக்கூடம். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் படித்து, மூன்றாவது நாட்டுக் கடவுச்சீட்டோடு வளர்ந்தவன். தான் காணாத நாட்டின் தேசிய கீதத்தை எழுந்து நின்று பாடப் பழக்கியிருந்தார்கள். பதின்ம வயதில் ஒரு நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, தகப்பன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார் என்றார். அன்றையிலிருந்து அவன்தான் வாரிசு.

“அன்று மாலை என் தாத்தா வயதுள்ள ஒரு ஆசிரியர் எனக்குத் தலை குனிந்தார். நான் அழவேண்டும் என்று வந்தேன், அவர் குனிந்து நின்றார். எனக்கு அழ வரவில்லை” என்றான்.

பிறகு வருடா வருடம் ஏதாவது ஒரு நகரத்து ஹோட்டலில் விருந்து. அரசாட்சி திரும்ப வரும் என்று நம்புகிற கிழவர்களும் கிழவிகளும் வரிசையில் வந்து இவன் கையை முத்தமிடுவார்கள். சித்தப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் நடத்துவார். அப்படி ஒரு விருந்தில், பேசிக்கொண்டு நிற்கும்போது இவன் விழுந்துவிட்டான். மேசைத் துணியையும் இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால்.

அடுத்த நாள் அந்த நாட்டுப் பத்திரிகைகளில் ‘குடிகார இளவரசன்’ என்று படம் வந்தது. அந்தப் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். நிச்சயமாகியிருந்த சம்பந்தம் முறிந்தது. படிக்கப் போன பல்கலைக்கழகத்தில் பொடியள் போத்தலைக் காட்டிச் சிரித்தார்கள். இவன் விட்டுவிட்டு வந்து, லண்டனில் யாருக்கும் தெரியாமல் பூங்கன்றுகளோடு வாழத் தொடங்கினான்.

“அண்டைக்கு எவ்வளவு குடிச்சனீர்?” என்று நான் ஆங்கிலத்தில் பகிடியாகக் கேட்டேன்.

“அரைக் கிளாஸ்.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். குடித்தவன் எவனும் அரைக் கிளாஸ் என்றுதானே சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் ஒன்று சொன்னான். அவனுடைய குடும்பத்து நிலவறைக் கல்லறை அந்த நாட்டுத் தலைநகரத்தில் இருக்கிறதாம். உயிரோடு விடாத நாடு, செத்த பிறகு விடும். அரசர்கள் எல்லாரும் அங்கே அடுக்கப்பட்டிருக்கிறார்கள். “என்னை அங்கே கொண்டுபோகக் கூடாது. என் அப்பாவின் கல்லில் குதிரை என்று வெட்டியிருக்கிறது. எனக்குக் கல்லில் பொய் வேண்டாம். றெஜினாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.”

“அப்ப உம்முடைய அப்பா எப்படிச் செத்தார்?”

“விழுந்தார்” என்றான். முன்னால் நின்ற லொறி அசைந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கதை அதோடு நின்றுவிட்டது.

எழுத்து

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் ‘எழுத்து’, அதாவது பதிவு. பிறகு மண்டபம் கிடைக்கிற, கனடாவிலிருந்து ஆட்கள் வர வசதிப்படுகிற நாள் பார்த்துத் தாலிகட்டு. இடையில் சில மாதம் போகும். சட்டத்துக்கு அவர்கள் புருஷன் பெண்சாதி. எங்களுக்கு இல்லை. அவரவர் அவரவர் வீட்டில்தான்.

வசந்த காலத்தில் ஒரு வேலை நாளில் எழுத்து நடந்தது. பதிவுக் கந்தோர் வாசலில் செரி மரம் பூத்திருந்தது. றெஜினா வெளிர் ரோஸ் சேலை. கூறைச்சேலை தாலிகட்டுக்குத்தான் என்று பிலோமினாக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மத்தியாஸ் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினான். முதல் பெயர், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர் என்று நீண்டுகொண்டே போனது. பதிவாளர் அம்மாவே சிரித்துவிட்டார். அவனுடைய பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கோயில் கலியாணத்துக்குப் பிறகுதான் வீட்டாருக்குச் சொல்வேன், அதற்கு முன் சொன்னால் நடக்க விடமாட்டார்கள் என்றான்.

முடிந்து வெளியே வந்ததும், றெஜினா தாயின் காரில் ஏறினாள். அவன் பஸ்ஸில் தன் பிளாட்டுக்குப் போனான். வானில் கமராவை அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எத்தனையோ எழுத்துகள் எடுத்திருக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் போவார்கள்.

கோடை காலத்தில் ஒரு தடவை றெஜினா தாயிடம் கேட்டாளாம். “அம்மா, எழுத்து முடிஞ்சுதுதானே. நான் அங்கை போய் இருந்தா என்ன?”

“ஊர் என்ன சொல்லும்? தாலி ஏறும் மட்டும் பொறு. எங்கை ஓடப்போறார் உவர்?”

தான் ஏன் கேட்கிறேன் என்று றெஜினா சொல்லவில்லை. சொன்னால் கலியாணமே நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம்.

அந்தக் காலை

மருந்துக்கடை திறக்கப் போகிற வழியில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவது றெஜினாவின் வழக்கம். அன்று இடியப்பமும் சொதியும். மணி அடித்தாள், திறக்கவில்லை. போன் உள்ளே அடிக்கிற சத்தம் கேட்டது. கீழே உடுப்பு உலர்சலவைக் கடைக்காரர் ஓடிவந்தார். பொலிஸ் வந்து கதவை உடைத்தது.

பிலோமினாக்கா என்னைக் கூப்பிட்டபோது நான் ஒரு ஞானஸ்நான வீட்டில் கேக் வெட்டுவதை எடுத்துக்கொண்டிருந்தேன். “தம்பி, மத்தியாஸ் செத்துப்போச்சுது” என்றார். நான் “எந்த மத்தியாஸ்?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த மத்தியாஸ் ஒருவன்தான். ஆனால் அந்தப் பெயரையும் அந்தச் சொல்லையும் சேர்த்து வைக்க மூளை மறுத்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது றெஜினா பிளாட்டின் படிக்கட்டில் இருந்தாள். தேங்காய்ப்பால் சொதி காலடியில் சிந்திக் கிடந்தது, மஞ்சள் மணத்தது. ஒரு இளம் பொலிஸ்காரர் குனிந்து, அவருக்கு ஏதாவது நோய் வருத்தம் இருந்ததா என்று கேட்டார்.

“எபிலெப்சி. சின்ன வயதிலிருந்து. மருந்து எடுக்கிறவர். நித்திரையில் வருகிற வலிப்புத்தான் அவருக்கு ஆபத்து” என்று மருந்தாளர் குரலில், ஒரு நடுக்கமும் இல்லாமல், ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிலோமினாக்கா என்னைப் பார்த்தார். “என்னவாம்? வலிப்போ? ஆருக்கு?”

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கார் ஓடாதது, விருந்தில் விழுந்தது, அரைக் கிளாஸ், தகப்பன் விழுந்தது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நெஞ்சில் அடித்தன. அவன் குடிகாரனே இல்லை. குடும்பத்துக்கு அது தெரியும். வாரிசுக்கு வலிப்பு என்று உலகம் அறிவதைவிட வாரிசு குடிகாரன் என்று அறிவது பரவாயில்லை என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். தகப்பனுக்கும் அதே வருத்தம். குதிரை என்பது கல்லில் வெட்டிய கதை.

பிறகு றெஜினா தாயின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். சத்தம் போடவில்லை.

“குப்புறக் கிடந்தவர் அம்மா, தலேணிக்குள்ளை முகம். பக்கத்திலை ஆள் இருந்திருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைச்சிருக்கலாம். எனக்கு அது தெரியும். நான் மூண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தனான்.”

பிலோமினாக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் பொலிஸ்காரர், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று றெஜினாவைக் கேட்டார். அவள் வாய் திறக்க முந்தி, தாய் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். “பிரெண்ட். கேர்ள்பிரெண்ட்.” அவ்வளவு அதிர்ச்சியிலும் அந்த மனுசிக்கு அது வந்தது.

நாங்களும் குறைந்தவர்கள் இல்லை

அரச குடும்பத்தைத் திட்டுவது சுகம். கமராக்காரன் என்ற முறையில் நான் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எத்தனை கலியாண வீடுகளில் மணப்பெண் அறைக்குள் கமராவோடு போய் நின்றிருக்கிறேன். “அண்ணை, உதை எடுக்காதேங்கோ” என்று தோழி ஓடிவந்து மேசையில் இருக்கிற மருந்துக் குளிசைப் பெட்டியை மறைப்பாள். மாப்பிள்ளையின் சட்டைக் கைக்குள் நீரிழிவுக்காரர் ஒட்டும் சென்சர் தெரிவதைத் தவிர்த்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தம் பேசும்போது தலையிடி என்றுகூட வாய் தவறிச் சொல்லமாட்டோம். ‘இரத்தத்திலை ஒண்டும் இல்லைத்தானே?’ என்று எதிர்ப்பக்கம் கேட்கும். ‘சீச்சீ’ என்போம்.

முடி இல்லை, கொடி இல்லை. ஆனால் வருத்தத்தை ஒளிக்கிறதில் எங்கள் ஒவ்வொரு வீடும் அரண்மனைதான்.

றெஜினா அவனுடைய வருத்தத்தைத் தாயிடம் ஒளித்தாள். தாய் மகளுடைய பதிவை ஊருக்கு ஒளிக்கப் பார்த்தார். இளம் விதவை என்று மகளை யாரும் ஒரு மாதிரிப் பார்க்கக் கூடாது என்ற பயம் அது. தானே இளவயதில் விதவையாகி, நல்லது கெட்டதில் பின்வரிசையில் நின்ற மனுசி. மலர்ச்சாலையில் அவர் மகளுடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவ்வளவு வருடமும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவரைத் தெரியாமல் வந்த கோபம் இல்லை என்பதும் உண்மை.

மீண்டும் அந்த முன்னறை

வழக்கறிஞர் கதைத்தார். பிரேத பரிசோதனை முடிந்து உடலை விட்டுவிட்டார்கள். நாளை மறுநாள் விமானம். தலைநகரத்தில் அரச மரியாதை இல்லாத, ஆனால் கௌரவமான அடக்கம், குடும்ப நிலவறையில். மலர்ச்சாலையை நடத்தும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அறிவித்தல் தயாராக இருக்கிறது. லண்டனில் நடந்த கார் விபத்து என்று” என்றார் வழக்கறிஞர்.

சாவிலும் இவர்கள் விடப்போவதில்லை. அப்பாவுக்குக் குதிரை, மகனுக்குக் கார். கார் ஓடவே தெரியாதவனுக்குக் கார்.

றெஜினாவின் கை அசைவதைப் பார்த்தேன். அவள் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோபமாக இல்லை, குழந்தையின் பிடியைக் கழற்றுகிற மாதிரி மெதுவாக.

“அவருக்கு லைசன்ஸ் கிடையாது. அவர் வலிப்பில் இறந்தார். இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்” என்றாள் ஆங்கிலத்தில்.

சித்தப்பா அவளைப் பார்க்காமலே சொன்னார். “எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வியாதி இல்லை. பெண்ணே, உனக்கு இதில் என்ன?”

“நான் அவருடைய மனைவி.”

பிலோமினாக்காவுக்கு அந்தச் சொல் விளங்கியது. “ஐயோ பிள்ளை” என்றார், மூச்சு மாதிரி.

பதிவு நடந்த இடத்தையும் மாதத்தையும் றெஜினா சொன்னாள். நான், “ஓம், நான் நின்றேன், வீடியோ இருக்கிறது” என்றேன். மலர்ச்சாலை அம்மா நிமிர்ந்து நின்றார். அப்படியென்றால் உடலைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் இவர்தான், நான் இவரிடம்தான் கேட்பேன் என்றார்.

சித்தப்பாவின் கழுத்து சிவந்தது. “குடும்பத் தலைவரின் சம்மதம் இல்லாத கலியாணம் எங்கள் வீட்டில் செல்லாது.”

“தெரியும். எங்கள் வீட்டிலும் இன்னும் செல்லாது” என்றாள் றெஜினா. “இந்த நாட்டுச் சட்டத்தில் மட்டும்தான் செல்லும். எனக்கு அது போதும்.”

அப்போதுதான் ஜன்னலோரம் நின்ற தாய் திரும்பினார். வந்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவர். மகனுடைய அதே நீண்ட முகம். நேராக நடந்து வந்து றெஜினாவுக்கு முன்னால் நின்றார்.

“உன் வயிற்றில் குழந்தை இருக்கிறதா?”

அந்தக் கேள்வியின் கொடுமை எனக்கு உடம்பெல்லாம் ஏறியது. மகன் உள்ளே கிடக்கிறான், இவர்களுக்கு அடுத்த வாரிசு வேண்டும். சித்தப்பாவும் இப்போதுதான் முதல் தடவையாக றெஜினாவைப் பார்த்தார். முகத்தை இல்லை, வயிற்றை.

‘பேபி’ என்ற சொல் பிலோமினாக்காவுக்கு விளங்கிவிட்டது. துள்ளி எழும்பினார். “என்ன கேக்கிறா உவ? என்ர பிள்ளை அப்பிடிப்பட்ட பிள்ளையில்லை. எழுத்து மட்டுந்தான் எண்டு சொல்லு தம்பி.”

“இல்லை” என்றாள் றெஜினா. “குழந்தை இல்லை. நாங்கள் ஒரு நாள்கூட ஒன்றாக இருந்ததில்லை.”

தாய் கண்ணை மூடினார். கையுறை போட்ட கையால் நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இறைவா, உமக்கு நன்றி” என்றார். “அப்படியென்றால் என் பிள்ளையோடு இது நின்றுவிட்டது.”

சித்தப்பா அவரைத் தடுக்க ஓரடி முன்னால் வந்தார்.

“என் கணவரைக் குளியல் தொட்டியில் கண்டவள் நான்” என்றார் அவர், இப்போது சித்தப்பாவைப் பார்த்து. “தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. குதிரை என்று எழுதலாம் என்று நீ சொன்னாய், நான் தலையாட்டினேன். என் மகன் விருந்தில் விழுந்தபோது குடி என்று சொல்லலாம் என்றாய், அதற்கும் தலையாட்டினேன். அத்தனை பேருக்கு முன்னால் அவன் தரையில் கிடந்து துடித்தான். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை, நீ எழும்ப வேண்டாம் என்று கண் காட்டியதால். இன்னொரு பிள்ளை பிறந்திருந்தால் அதற்கும் ஒரு பொய் தேடியிருப்போம்.”

சித்தப்பா மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

“அவனை எங்கே வைக்க விரும்புகிறாயோ அங்கே வை” என்று தாய் றெஜினாவிடம் சொன்னார். “அவனுக்கு என்ன வருத்தம் என்று எல்லாருக்கும் சொல்.” பிறகு உள்ளறைக் கதவுக்கு நடந்து, கைப்பிடியில் கை வைத்தவர் திறக்காமல் நின்றுவிட்டார். மலர்ச்சாலை அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“என்னவாம்? தம்பி, என்ன சொல்லுறா?” பிலோமினாக்கா என் தோளை உலுப்பினார்.

எந்த அறையிலும், எந்தக் கந்தோரிலும் எனக்கு வாய் தடுமாறியதில்லை. அன்று தடுமாறியது. “பிள்ளை இல்லையெண்டதுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லுறா, அக்கா. புருசனுக்கும் மகனுக்கும் ஒரே வருத்தமாம். ரெண்டு பேற்ற வருத்தத்தையும் குடும்ப மானத்துக்காக ஒளிச்சவவாம். இனி ஒளிக்க ஆளில்லையெண்டு நன்றி சொல்லுறா.”

பிலோமினாக்கா கேட்டுக்கொண்டு நின்றார். அந்தத் தாயைப் பார்த்தார். உள்ளறைக் கதவைப் பார்த்தார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு அவர் குனிந்து, மகளுடைய தோளைப் பிடித்துத் தூக்கினார்.

“எழும்பு பிள்ளை. அந்த மனுசியையும் கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போ” என்றார். “போய் அவன்ர தலைமாட்டிலை இரு. பெண்சாதி இருக்கிற இடம் அதுதான்.”